விளக்கு மறைந்தால் வேலை தெரியும்

தாராசுரத்திலிருந்து கும்பகோணத்தைத் தாண்டிப் போனால் நாச்சியார்கோவில். அங்கே வார்க்கிற பித்தளைக் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடே உண்டு. உச்சியில் அன்னம், தண்டில் கடைசல் வேலை, தட்டில் ஐந்து முகம், எல்லாமே கண்ணில் பட வேண்டும் என்று செய்தவை. காவிரிப் படுகையில் விளக்கு என்பது நடுக்கூடத்தில் நிமிர்ந்து நிற்கிற பொருள். அதற்குப் பொட்டு வைக்கிறோம், பூச்சுற்றுகிறோம், விழுந்து கும்பிடுகிறோம். அப்படிப்பட்ட ஊரில் புதுவீடு கட்டுகிறவர் இன்றைக்கு ஆசாரியையும் எலெக்ட்ரீஷியனையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கிறார்: "சமையல் மேடைக்கு மேல லைட் வேணும், ஆனா லைட் தெரியக் கூடாது."

கேட்பவர் பெரும்பாலும் ஏதோ படத்தில் பார்த்த அழகுக்காகக் கேட்கிறார். ஆசாரியும் அதைப் பணக்கார வீட்டு ஆசையாக எடுத்துக்கொண்டு, அலமாரியின் அடிப்பலகையில் ஒரு ஸ்ட்ரிப் லைட்டை ஒட்டிவிட்டு, "எல்லாம் உள்ளதான் சார் இருக்கு" என்று முடித்துவிடுகிறார். என் கட்சி வேறு. மேல் அலமாரிக்கு அடியில் போடும் விளக்கை மறைப்பது அலங்காரத்துக்காக அல்ல, கண்ணுக்காக. மறைக்காத விளக்கு தன் வெளிச்சத்தில் ஒரு பகுதியை நம்மைப் பார்க்கவிடாமல் தடுப்பதற்கே செலவழிக்கிறது. யாருடைய கண்ணிலிருந்து மறைப்பது என்று கேட்டால், தரையில் உட்கார்ந்து பழகிய நம் வீடுகளுக்கு அதில் தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது.

முதலில், இப்படி ஒரு விளக்கு எதற்கு என்று பார்த்துவிடலாம். பழைய தஞ்சாவூர் ஜில்லா வீட்டில் இதற்குத் தேவையே இருக்கவில்லை. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், அதற்குப் பின்னால் அடுக்களை, கடைசியில் கொல்லை. அடுப்பு தரையில் இருந்தது. சமைப்பவர் மணையில் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் முற்றத்திலிருந்தும் கொல்லைக் கதவு வழியாகவும் பக்கவாட்டில் வந்தது. ஓட்டுக்கூரையில் ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு பதித்திருந்தால் மேலிருந்தும் கொஞ்சம் விழுந்தது. சமையல் பெரும்பாலும் பொழுதோடு முடிந்துவிடும். இருட்டிய பிறகு சுவரில் இருக்கும் மாடப்பிறைக்குள் ஓர் அகல். ஒரு சுடரின் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு கேண்டலா என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் பொருளில் அது போடுவது ஒரு லக்ஸ். பௌர்ணமி நிலா தரையில் போடுவது அதில் கால் பங்குதான். இந்த அளவில் பாத்திரத்தைத் தடவி எடுக்கலாம், உளுந்தில் கல் பொறுக்க முடியாது.

மாடப்பிறையில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. சுடர் சுவருக்குள் அரை அடி உள்வாங்கி இருப்பதால் காற்று அணைக்காது என்று மட்டும்தான் பொதுவாகச் சொல்வார்கள். சுவரோரமாக நடந்து வருகிறவர் கண்ணில் சுடர் நேராகப் படாது, எதிரே இருக்கும் தரையில்தான் வெளிச்சம் படும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊரில் மறைத்து வைத்த விளக்குக்கு முன்னோடி தேடினால் அது அங்கேதான் இருக்கிறது.

பிறகு காஸ் அடுப்பு வந்தது, மேடை வந்தது. அடுப்பு மேலே ஏறியதும் சமைப்பவர் எழுந்து நின்றார், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். விளக்கு மட்டும் திரும்பவில்லை. இன்றும் பெரும்பாலான சமையலறைகளில் டியூப் லைட் எதிர்ச் சுவரிலோ வாசல்நிலைக்கு மேலேயோ இருக்கிறது, அதாவது சமைப்பவரின் முதுகுக்குப் பின்னால். வெங்காயம் நறுக்கும் பலகையில் விழுவது அவருடைய தலையின், தோளின் நிழல். கத்தி விரலுக்கு மிக அருகே வரும் இடத்தில்தான் வீட்டிலேயே ஆழமான நிழல் இருக்கிறது.

இதற்குக் கணக்கு போட்டே பார்த்துவிடலாம். 20 வாட் எல்.இ.டி டியூப் ஒன்று சுமார் 2,000 லூமன் தரும். இரண்டு இரண்டரை மீட்டர் தள்ளி, சாய்வாக விழும்போது மேடையில் சேருவது 100 லக்ஸைத் தாண்டுவதே கடினம். நிழல் விழுந்த இடத்தில் சுவரும் கூரையும் திருப்பிவிடுகிற மிச்சம் மட்டும்தான். நறுக்குவது, பொறுக்குவது போன்ற வேலைக்கு 300 முதல் 500 லக்ஸ் வேண்டும் என்பது ஒளியமைப்புப் பொறியாளர்களின் பொதுவான பரிந்துரை. அதுவும் இளம் கண்ணுக்கு. வயதாக ஆகக் கண்மணி சுருங்குகிறது, கண்வில்லை மஞ்சளாகிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த ஒளியில் அறுபது வயதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சேர்கிறது. அதே சமையலறை, அதே டியூப் லைட், மாமியாருக்கு மட்டும் மூன்று மடங்கு இருட்டு. 'கண்ணு மங்கிப்போச்சு' என்று அவர்கள் சொல்லும்போது பாதிக் குற்றம் எலெக்ட்ரீஷியனுடையது.

விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்தால் கணக்கு தலைகீழாக மாறுகிறது. நீளமான பட்டையாக எரியும் விளக்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு. குண்டு பல்பிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறையும். நீளப் பட்டைக்கு அருகே இருக்கும்வரை அது பாதியாகத்தான் குறையும். தட்டையான பட்டையாக இருந்தால், ஒரு மீட்டர் நீளத்துக்கு எத்தனை லூமனோ அதைத் தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் நேர்கீழே கிடைக்கும் லக்ஸ் வந்துவிடும். அலமாரிக்கும் மேடைக்கும் இடையே வழக்கமாக இருக்கும் இடைவெளி இருபது, இருபத்தோர் அங்குலம், அதாவது ஏறக்குறைய அரை மீட்டர். மீட்டருக்கு 500 லூமன் என்றால் கீழே 500 லக்ஸ். ஒரு மீட்டர் மேடைக்கு ஐந்தாறு வாட் போதும். மேலே பால்நிற மூடி போட்டால் கொஞ்சம் வெளிச்சம் அதில் போகும், அதற்கும் சேர்த்து ஏழெட்டு வாட். அறை முழுவதையும் வெளுக்க வைக்க எடுக்கும் மின்சாரத்தில் பாதிகூட இல்லை. விளக்கு சமைப்பவரின் தலைக்கும் சுவருக்கும் நடுவே இருப்பதால் அவருடைய நிழலும் பலகையில் விழாது.

இவ்வளவு நல்லது என்றால் அதை ஏன் மறைக்க வேண்டும்?

இரவில் தஞ்சாவூர் சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதன் விடை தெரியும். எதிரே லாரி முழு வெளிச்சத்தையும் போட்டுக்கொண்டு வருகிறது. சாலையோரம் நடந்து போய்க்கொண்டிருந்தவர் சட்டென்று காணாமல் போகிறார். அவர் மேல் விழும் வெளிச்சம் குறையவில்லை. சொல்லப்போனால் கூடியிருக்கிறது. ஆனால் நம் கண் சுத்தமான கண்ணாடி அல்ல. கருவிழிப்படலம், கண்வில்லை, உள்ளே இருக்கும் கூழ் ஆகியவற்றின் வழியாகப் போகிற ஒளியில் சிறு பகுதி நேரே போகாமல் சிதறி, விழித்திரை முழுவதும் பரவிவிடுகிறது. லாரி விளக்கின் பிம்பம் ஒரு புள்ளியில்தான் விழுகிறது என்றாலும், அதிலிருந்து சிதறியது எல்லாவற்றின் மேலும் மெல்லிய வெள்ளைத் திரையாகப் படிகிறது. பளிச்சென்று இருக்கும் பொருளை அந்தத் திரை ஒன்றும் செய்யாது. மங்கலானதை அப்படியே விழுங்கிவிடும்.

அந்தத் திரையின் அடர்த்தியை அளந்து சூத்திரமாக்கியவர்களில் முதன்மையானவர்கள் இருவர். 1926இல் ஹாலடே, சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஸ்டைல்ஸ். அவர்கள் பெயரிலேயே வழங்கும் சூத்திரம் வெகு எளியது. விளக்கு நம் கண்ணில் எத்தனை லக்ஸ் போடுகிறதோ அதைப் பத்தால் பெருக்கி, நாம் பார்க்கும் பொருளுக்கும் விளக்குக்கும் இடையே உள்ள கோணத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். கண்ணில் 50 லக்ஸ் விழுகிறது, விளக்கு பார்வையிலிருந்து 10 பாகை தள்ளி இருக்கிறது என்றால், திரையின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 5 கேண்டலா. கோணம் 5 பாகையாகக் குறைந்தால் 20. பாதி கோணத்துக்கு நாலு மடங்கு திரை.

இந்த 5 என்ற எண் பெரிதா, சிறிதா? மேடையில் இருக்கும் கறுப்புக் கல்லை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் 300 லக்ஸ் விழுந்தாலும் அதில் ஐந்து விழுக்காட்டைத்தான் சிதறித் திருப்புகிறது என்றால் கல்லின் ஒளிர்வும் சுமார் 5தான். அதாவது கல்லிலிருந்து வரும் ஒளிக்குச் சமமான ஒளி, எந்தப் பொருளிலிருந்தும் வராமல், நம் கண்ணுக்குள்ளேயே உண்டாகி அதன்மேல் படிகிறது. கல்லில் கிடக்கும் மிளகு, சிந்திய தண்ணீர், ஓடும் கரப்பான் எல்லாம் பாதி தெளிவில் போய்விடும். வெள்ளைத் தட்டில் இருக்கும் சோறு மட்டும் நன்றாகத் தெரியும். வயதான கண்ணில் சிதறல் இன்னும் அதிகம். கண்புரை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

நம்பாதவர்கள் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். எரிகிற பல்ப் ஒன்றுக்குச் சற்றுக் கீழே இருக்கும் இருட்டு மூலையைப் பாருங்கள். பிறகு உள்ளங்கையைப் புருவத்துக்கு மேலே வைத்து பல்பை மட்டும் மறையுங்கள். மூலையில் இருக்கும் பொருள்கள் தெளிந்து வரும். அறைக்கு ஒரு லூமன்கூடச் சேர்க்கவில்லை, ஆனாலும் அதிகம் தெரிகிறது. வெயிலில் தூரத்தில் வருவது யார் என்று பார்க்க நம் தாத்தாக்கள் கையை நெற்றியில் வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

சமையலறையில் அந்தக் கையின் வேலையைச் செய்ய வேண்டியது ஒரு மரப்பட்டி. அலமாரியின் முன்விளிம்பிலிருந்து கீழே இறங்கும் பட்டி. அது எவ்வளவு இறங்க வேண்டும் என்பது, விளக்கு அதற்கு எவ்வளவு பின்னால் இருக்கிறது, யாருடைய கண்ணிலிருந்து மறைய வேண்டும் என்ற இரண்டையும் பொறுத்தது. இங்கேதான் அயல்நாட்டுப் படங்களைப் பார்த்துச் செய்வது நம்மிடம் பலிக்காமல் போகிறது.

மேடை தரையிலிருந்து 33 அங்குலம், அதற்கு மேல் இடைவெளி 21 அங்குலம். அலமாரியின் அடி 54 அங்குலத்தில் நிற்கிறது. ஐந்தடி உயரமுள்ள ஒருவரின் கண் ஏறக்குறைய 56 அங்குலத்தில் இருக்கும். நின்று சமைப்பவருக்கு அலமாரியின் அடிப்பகுதி தெரியவே தெரியாது. பட்டியே இல்லாவிட்டாலும் விளக்கு அவர் கண்ணில் படாது. "எல்லாம் உள்ளதான் இருக்கு" என்ற ஆசாரியின் வாக்கு நிற்பவர்களின் வீட்டில் உண்மை. நம் வீட்டில் அரிவாள்மணையோடு தரையில் உட்கார்ந்து கீரை ஆய்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கண் 30 அங்குலத்தில் இருக்கிறது. கூடத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், தவழ்ந்து வரும் குழந்தை, இவர்கள் எல்லோருக்கும் அலமாரியின் அடிப்பலகை அப்பட்டமாகத் தெரியும், அதில் ஒட்டிய விளக்கும் தெரியும். மருமகளிடம் பேச நிமிர்ந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டை ஒளி மாமியாரின் கண்ணில் அடிக்கிறது. மூன்றில் ஒரு பங்கு ஒளியும் கூடுதல் சிதறலும் உள்ள கண்ணில்.

ஏழு அடி தள்ளித் தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும் அலமாரி அடிக்கும் உயர வித்தியாசம் 24 அங்குலம், தூரம் 84 அங்குலம். பார்வைக் கோடு மூன்றரை அங்குலத்துக்கு ஓர் அங்குலம் வீதம் ஏறுகிறது. விளக்கை அலமாரியின் பின்பக்கம், சுவரை ஒட்டிப் போட்டால் முன்பட்டிக்கும் விளக்குக்கும் இடையே ஓர் அடி இருக்கும். அதை மறைக்கப் பட்டி மூன்று அங்குலத்துக்கும் மேல் இறங்க வேண்டும், அலமாரிக்குத் தாடி வைத்த மாதிரி இருக்கும். அதே விளக்கை முன்பட்டிக்கு இரண்டு அங்குலம் பின்னால் போட்டால் அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமான மறைப்பு போதும். விளக்கின் அலுமினியக் கூடு அரை அங்குலம் தொங்கும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். நாலடி தள்ளி உட்காருகிறவருக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் மொத்தம் ஒன்றரை அங்குலம். தரையில் உட்காரும் பழக்கம் உள்ள வீட்டுக்கு நான் சொல்லும் அளவு இதுதான்: விளக்கு முன்னால், பட்டி ஒன்றரை அங்குலம்.

விளக்கை முன்னால் போடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை நேரில் பார்க்க விரும்பினால் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போக வேண்டும். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்தது. 2004இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் தஞ்சைப் பெரிய கோயிலோடு சேர்க்கப்பட்டது. வருகிறவர்கள் ராஜகம்பீரன் மண்டபத்தின் கல் சக்கரத்தையும் குதிரையையும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கருவறையைச் சுற்றிய அடித்தளத்தில் நாயன்மார் கதைகள் சின்னஞ்சிறு புடைப்புச் சிற்பங்களாக வரிசையாக ஓடுகின்றன. நேர் எதிரே இருந்து விழும் வெளிச்சத்தில் அவை கல்லோடு கல்லாகக் கிடக்கும். வெளிச்சம் சுவரை ஒட்டிச் சாய்ந்து வரும்போது முகமும் கையும் மடிப்பும் எழுந்து நிற்கும். கோயில் கிழக்கு நோக்கியது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே விலகி எழுவதால் காலை ஒளி தென்சுவரை உரசிக்கொண்டு போகிறது. ஆனி, ஆடியில் அந்த வாய்ப்பு வடசுவருக்கு.

ஒரு சென்டிமீட்டர் புடைப்பின் மேல் 60 பாகையில் வெளிச்சம் விழுந்தால் நிழல் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 10 பாகையில் உரசி வந்தால் அதே புடைப்பின் நிழல் ஐந்தரை சென்டிமீட்டருக்கு மேல் நீளும். சிற்பிக்கு இது வரம். டைல்ஸ் ஒட்டிய மேஸ்திரிக்குச் சாபம். சமையலறைச் சுவருக்கு ஓர் அங்குலம் தள்ளி விளக்கைப் போட்டால், இருபது அங்குலம் கீழே ஒளி மூன்று பாகைச் சாய்வில்தான் சுவரைத் தொடுகிறது. ஒரு டைல் இன்னொன்றைவிட ஒரு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தால் அதன் கீழே இரண்டு சென்டிமீட்டர் நிழல் விழும். தாளிக்கும்போது தெறித்த எண்ணெய்த் துளி ஒவ்வொன்றும் சிற்பமாகிவிடும். விளக்கு சுவரிலிருந்து பத்து அங்குலம் தள்ளி வந்தால் அதே துருத்தலின் நிழல் இரண்டு மில்லிமீட்டர்தான், யாரும் கவனிக்க மாட்டார்கள். சுத்தம் செய்ய வசதியாக அழுக்கு தெரியட்டும் என்று சொல்பவர்கள் பின்னால் போட்டுக்கொள்ளலாம். நான் அவ்வளவு தைரியசாலி அல்ல.

இனி மிகவும் சிக்கலான இடத்துக்கு வருவோம். நம் ஊரில் சமையல் மேடை என்றால் கறுப்பு கிரானைட்தான். கிரானைட் என்று விற்கும் கறுப்புக் கல்லில் பெரும்பகுதி புவியியல்படி கிரானைட்டே அல்ல, டோலரைட் போன்ற வேறு வகைக் கற்கள். கிருஷ்ணகிரி, விழுப்புரம் பக்கத்துக் குவாரிகளிலிருந்து வருகின்றன. கல்லே விளையாத வண்டல் மண் நமது. கோயிலுக்கும் கல் வெளியிலிருந்துதான் வந்தது, மேடைக்கும் வெளியிலிருந்துதான் வருகிறது. வித்தியாசம் மெருகில் இருக்கிறது. கோயில் சுவரின் சொரசொரப்பான முகம் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. மெருகேற்றிய கறுப்புக் கல் ஒரு கண்ணாடி.

நேராக விழும் ஒளியில் அந்த மெருகு முகம் பிம்பமாகத் திருப்புவது நாலைந்து விழுக்காடுதான். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் பட்டைவிளக்கின் ஒளிர்வு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிக அகலமுள்ள, பால்மூடி போட்ட பட்டையிலிருந்து மீட்டருக்கு 700 லூமன் வெளிவந்தால் அதன் ஒளிர்வு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 18,000 கேண்டலா. அதில் நாலு விழுக்காடு 700க்கு மேல். சுற்றியிருக்கும் கல்லோ வெறும் 5. மூடியில்லாத ஸ்ட்ரிப்பாக இருந்தால் ஒவ்வொரு எல்.இ.டி புள்ளியும் கல்லுக்குள் நட்சத்திரமாக மின்னும். மேலே பார்த்தால் தெரியாத விளக்கு கீழே பார்த்தால் தெரிகிறது. அதுவும் நின்று சமைப்பவருக்கு, அவர் வேலை செய்யும் இடத்திலேயே. மரப்பட்டி இங்கே உதவாது, ஏனென்றால் கல்லுக்குள் இருந்து அண்ணாந்து பார்க்கும் கண்ணுக்குப் பட்டி குறுக்கே வருவதில்லை.

தப்பிக்க வழிகள் உண்டு, எதுவும் முழுமையானதல்ல. மேடையை மெருகில்லாத முகத்தோடு, கடைகளில் லெதர் ஃபினிஷ் என்று சொல்வார்களே, அப்படிப் போடலாம். பிம்பம் கலங்கிப்போகும், ஆனால் மஞ்சள் கறையைத் துடைக்க இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். பால்மூடி கட்டாயம் போடலாம், புள்ளிகளாவது கோடாக மாறும். இரண்டையும்விட நல்ல வழி, விளக்கை நேர்கீழே பார்க்க வைக்காமல் 45 பாகை சாய்த்துச் சுவரைப் பார்க்க வைப்பது. இதற்கென்றே மூலை அலுமினியக் கூடுகள் கிடைக்கின்றன. விளக்கின் முகம் சமைப்பவருக்கு எதிர்ப்பக்கம் திரும்புவதால் கல்லில் அவர் காணும் பிம்பம் வெகுவாக மங்கும். வெளிச்சத்தின் ஒரு பகுதி வெளிர்நிறச் சுவரில் பட்டுத் திரும்பி, பலகையில் மென்மையாக இறங்கும். இந்த ஏற்பாட்டில் சுவர் வெளிர்நிறமாக இருப்பது முக்கியம். கறுப்பு மேடைக்குப் பொருத்தமாகக் கறுப்பு டைல்ஸும் ஒட்டிவிட்டு வெளிச்சம் போதவில்லை என்று வருந்திப் பயனில்லை.

அளவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நிறத்தை விட்டுவிடுவோம். தாராசுரம் பட்டு நெசவு ஊர். சேலை வாங்க வருகிறவர்கள் கடைக்குள் எத்தனை விளக்கு எரிந்தாலும் சேலையை வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் பார்க்காமல் முடிவெடுப்பதில்லை. கடைக்காரரும் கோபித்துக்கொள்வதில்லை. கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்த உடலின் அரக்கும் பார்டரின் அரக்கும் வெயிலில் பிரிந்துபோகும் என்பது இருவருக்கும் தெரியும். ஒரு பொருளின் நிறம் பாதி அதனுடையது, மீதி அதன்மேல் விழும் ஒளியுடையது. சூரிய ஒளியில் எல்லா நிறமும் ஏறக்குறைய தொடர்ச்சியாக இருக்கிறது. வெள்ளை எல்.இ.டியில் அப்படி இல்லை. அதற்குள் இருப்பது நீல ஒளி தரும் ஒரு சில்லு, அதன்மேல் நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்றும் பூச்சு. நீலமும் மஞ்சளும் சேர்ந்து கண்ணை வெள்ளை என்று நம்பவைக்கின்றன. ஆழ்ந்த சிவப்பு அதில் மிகக் குறைவு.

சிவப்பு குறைந்தால் சமையலறையில் என்ன நடக்கும்? மீனின் செவுள் புதிதா என்று தெரியாது. வெங்காயம் பொன்னிறத்திலிருந்து கருகலுக்குத் தாவுகிற நொடி பிடிபடாது. தக்காளியும் மிளகாய்த்தூளும் பழுப்படித்துக் கிடக்கும். விளக்கின் நிறத்தரத்தைக் குறிக்க அட்டையில் சி.ஆர்.ஐ என்று ஓர் எண் இருக்கும். 80 என்பது சாதாரணம். அந்த எண் எட்டு மங்கலான நிறங்களின் சராசரி, ஆழ்ந்த சிவப்பு அதில் சேராது. சிவப்புக்கு ஆர்9 என்று தனி எண் உண்டு, மலிவான விளக்குகளில் அது பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். 90க்கு மேல் சி.ஆர்.ஐ உள்ள ஸ்ட்ரிப் கேட்டு வாங்கினால் சிவப்பும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். கூடவே ஒன்று. நம் ஊரில் வெளிச்சம் என்றாலே 6,500 கெல்வின் நீலவெள்ளைதான் என்று ஆகிவிட்டது. மேடைக்கு 4,000 போதும், சாம்பார் சாம்பாராகத் தெரியும்.

இத்தனை மெலிதான விளக்கு சாத்தியமானதே அண்மையில்தான். சிவப்பு எல்.இ.டியை நிக் ஹோலோன்யாக் 1962இலேயே காட்டிவிட்டார். நீலம் வருவதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின. ஜப்பானில் இசாமு அகாசாகியும் ஹிரோஷி அமானோவும் ஒரு பக்கம், ஷூஜி நகாமுரா இன்னொரு பக்கம் முட்டி மோதி, 1990களின் தொடக்கத்தில் பளிச்சென்ற நீலத்தைக் கொண்டுவந்தார்கள். மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு. அதற்கு முன்னால் அலமாரிக்கு அடியில் குண்டு பல்ப் போட்டால் பலகை கருகும், டியூப் போட்டால் சோக்கும் கூடுமாகச் சேர்ந்து கையளவு தொங்கும்.

எல்.இ.டி சூடாகாது என்று நினைத்து வெறும் பலகையில் ஒட்டுவது தவறு. அதன் ஒளியில் சூடு இல்லை, முதுகில் இருக்கிறது. அந்தச் சூட்டை இழுத்துப் பரப்பத்தான் அலுமினியக் கூடு. கூடு இல்லாவிட்டால் ஆயுள் குறையும், நிறமும் மாறும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை ஐந்து மீட்டர் நீளத்துக்கு ஒரே முனையில் மின்சாரம் கொடுத்து ஓட்டினால் கடைசி மீட்டர் மங்கலாகத்தான் எரியும். இரண்டு முனையிலும் கொடுங்கள், அல்லது 24 வோல்ட் வாங்குங்கள். டிரைவர் என்கிற மின்மாற்றிப் பெட்டியை அடுப்புக்கு நேர்மேலே வைக்காமல், கை எட்டும் மூலையில் வையுங்கள். முதலில் பழுதாவது பெரும்பாலும் அதுதான். எண்ணெய்ப் பிசுக்கு ஏறாமல் இருக்க மூடியை மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும். இவை எல்லாம் எலெக்ட்ரீஷியனிடம் ஒரு வார்த்தையில் முடியும் வேலைகள்.

பட்டி மட்டும் அப்படி இல்லை. அலமாரி ஏறிய பிறகு அதைச் சேர்ப்பது ஒட்டுப்போட்டதாகவே தெரியும். அதனால் ஆசாரி அறுப்பதற்கு முன்பே ஒன்று செய்யுங்கள். இருட்டிய பிறகு, அலமாரியின் அடி வரப்போகும் உயரத்தில் ஒரு பலகையை நிறுத்தி, அதில் விளக்கை டேப்பால் ஒட்டி எரியவிடுங்கள். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, வீட்டில் இருப்பவர்களை அவரவர் வழக்கமாக இருக்கும் இடத்தில் இருக்கச் சொல்லுங்கள். மேடையில் ஒருவர், கூடத்தில் சாப்பிடும் இடத்தில் ஒருவர், அரிவாள்மணை போடும் இடத்தில் ஒருவர். விளக்கு தெரிகிறதா என்று முதலில் தரையில் உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள். அவர் தெரிகிறது என்றால் பட்டியை அரை அங்குலம் கூட்டச் சொல்லுங்கள். அந்த அரை அங்குல மரத்துக்கு எந்த ஆசாரியும் தனியாகக் காசு கேட்க மாட்டார்.